வால் தெரியவில்லை

ஜனவரி 11

தம்பிக்கு,

இதை உனக்காக எழுதவில்லை, ஒரு பறவைக்காக எழுதுகிறேன். போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். பேசினால் சண்டையில்தான் முடியும். சண்டை போட எனக்கு இப்போது தெம்பு இல்லை. கடிதம் என்றால் நடுவில் யாரும் கத்த முடியாது.

எங்கள் குடியிருப்பு வரிசைக்குப் பின்னால் துறைமுகத்தின் பழைய விளக்குக் கோபுரம் நிற்கிறதே, விளக்கு எரியாமல் துருப்பிடித்து, அதன் உச்சியில் ஒரு பறவை குச்சி கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருக்கிறது. போன வாரம் உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு கேமராக்காரர் வந்து அதைப் படம் எடுத்தார். பனியும் நிலக்கரித் தூசியும் கலந்த காலை. எதிரில் நிற்கிறவன் முகமே தெரியாது. அதில் அவர் எதை எடுத்தாரோ.

கடைசி வீட்டுத் தையல்காரர் சும்மா இருப்பாரா? "என்ன சார், எங்க மூஞ்சியெல்லாம் எடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டார்.

"உங்க மூஞ்சிய வச்சு நான் என்ன பண்றது பெரியவரே? மேல இருக்கறது கடற்கழுகா இருந்தா இங்க ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. வேலை அப்படியே நின்னுடும்" என்றார் கேமராக்காரர். சிரித்துக்கொண்டே பையை மூடிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வரிசை முழுக்கக் கழுத்து வலி. பால் வாங்கப் போகிறவள் மேலே பார்த்துக்கொண்டே போய்ச் சாக்கடையில் கால் வைக்கிறாள். எங்களைக் காலி செய்துவிட்டு இங்கே கண்டெய்னர் அடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து யாரும் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை. இந்த வீடுகளில் பிள்ளை பெற்றோம், வளர்த்தோம், கிரேனுக்கும் கப்பலுக்கும் ஆள் அனுப்பினோம். அதற்காக எவனும் ஒரு ஆணியையும் கீழே வைக்கவில்லை. ஒரு கழுகு முட்டை போட்டால் வைப்பானாம்.

துறைமுகத்துக்காகப் பறவைக்குப் பெயர் எழுதுகிற வேலை உனக்கு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சாவு வீட்டுக்குக் கழுத்தில் அந்த அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தவனை யார் மறப்பார்கள்? கிரேனிலிருந்து விழுந்த உன் மாமாவை நான்கு பேர் தூக்குகிறார்கள், அதில் ஒருவன் கழுத்தில் துறைமுக முத்திரை ஆடுகிறது. அன்றைக்கு உன்னை வெளியே போகச் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் வரிசையில் எல்லோரும் எழுது எழுது என்று என் உயிரை எடுக்கிறார்கள். எழுதிவிட்டேன். அது என்ன பறவை?

அக்கா


ஜனவரி 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது.

கேமராக்காரரின் படங்கள் என் மேஜைக்குத்தான் வந்தன. மூன்று படங்கள். மூன்றிலும் வெளிச்சம் பறவைக்குப் பின்னால் இருப்பதால் கரிக்கட்டை மாதிரிதான் தெரிகிறது. ஒன்றில் இறக்கைகள் மேல்நோக்கி இருக்கின்றன. அது கடற்கழுகின் வழக்கம். ஆனால் திரும்பும்போது எந்தப் பறவையும் ஒரு கணம் அப்படித் தூக்கும். இன்னொன்றில் வால் விசிறி மாதிரி விரிந்திருக்கிறது. மூன்றாவதில் பாதிப் பறவையைக் கோபுரத்தின் கம்பி மறைக்கிறது.

இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒன்று கரும்பருந்து. குப்பைமேட்டிலும் மீன் சந்தையிலும் சுற்றுமே, அது. அதற்காக யாரும் எதையும் நிறுத்த மாட்டார்கள். இன்னொன்று கடற்கழுகு. வளர்ந்த கடற்கழுகுக்கு வயிறு வெள்ளையாக இருக்கும், சந்தேகமே வராது. ஆனால் முதல் சில வருடங்கள் அதுவும் பழுப்புதான். தூரத்திலிருந்து பார்த்தால் ஆளை ஏமாற்றும்.

நீ தினமும் பார்க்கிறாய். அதனால் கேட்கிறேன். மிதக்கும்போது இறக்கையை எப்படி வைத்துக்கொள்கிறது? தட்டையாகவா, மேலே தூக்கியா? கத்துகிறதா? எல்லாவற்றையும்விட வால் முக்கியம். வால் நுனி நடுவில் உள்வாங்கியிருக்கிறதா, நீட்டிக்கொண்டிருக்கிறதா? பெரிசு என்று மட்டும் எழுதாதே. ஆகாயத்தில் தனியாகப் பறக்கிற எதுவும் பெரிதாகத்தான் தெரியும். பக்கத்தில் காக்கை பறந்தால் மட்டும் அளவு சொல்.

அங்கே என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்ற பட்டியல் மார்ச் கடைசியில் துறைமுகத்துக்குப் போகிறது. என் அக்கா அந்த வரிசையில் இருக்கிறாள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் இந்தப் படங்களை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள்.

அந்த அட்டை. வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தேன். கழுத்தில் இருப்பது எனக்குத்

பாதியில் விட்டுவிட்டேன். அடிக்கவும் மனமில்லை. அதைப் படிக்காதே.

தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

படித்துவிட்டேன்.

சரி, பறவை. என் சமையலறை ஜன்னலுக்கு மேலே ஓட்டுச்சாய்ப்பு, எதிரே தண்ணீர்த் தொட்டியின் சுவர். நடுவில் இருக்கிற ஆகாயத்தை ஒரு பலகை என்று வைத்துக்கொள். அந்தப் பலகையில் இடது பக்கம் வந்தால் வலது பக்கம் போய்விடும். அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில் நான் பார்க்கிறது அவ்வளவுதான். கொல்லைப்புறம் போய் நின்றால் கோபுரம் நேராகத் தெரியும், ஆனால் சூரியன் கண்ணில் குத்தும்.

நிறம் நனைந்த சாக்கு நிறம். இறக்கை நுனி கைவிரல் மாதிரி பிரிந்திருக்கிறது. தட்டையா தூக்கியா என்றால், சில நேரம் தட்டை, சில நேரம் தூக்கி. காக்கை இரண்டு மூன்று சேர்ந்து விரட்டுகின்றன. காக்கையைவிடப் பெரிசு. நீ எழுதாதே என்றால் நான் எழுதாமல் இருப்பேனா? பெரிசு.

கத்துகிறதா என்று கேட்டாய். யார் கண்டது? அந்தப் பக்கம் தூண் இறக்கும் இயந்திரம் காலையிலிருந்து தலையில் அடிக்கிற மாதிரி அடிக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதாலே வாய் அசைகிறது, சத்தம் வருவதில்லை.

தையல்காரருக்கும் காவலாளிக்கும் இதில் சண்டையே வந்துவிட்டது.

"யோவ், அது பருந்துய்யா. நான் பொறந்ததுலேந்து பாக்கறேன்" என்றார் காவலாளி.

"நீ கேட்டுல தூங்கற ஆளு. கண்ணத் திறந்தா இல்ல பாக்கறதுக்கு? அது கழுகு. கழுகுதான். இன்னொரு தடவ பருந்துன்ன, உன் காக்கிச் சட்டைக்கு இனிமே பட்டன் தைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

காவலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கலாம். கழுகாவும் இருக்கலாம்" என்றார். பாவம், அவருக்கு ஒரே சட்டை.

உன் மாமாவின் துணிகளை இன்னும் வாரம் ஒருமுறை துவைத்துக் கொடியில் போடுகிறேன். அழுக்கே இல்லை. துவைக்கிறேன். "எதுக்குக்கா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். தெரியவில்லை. சோப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, துவைக்கிறேன்.

தையல்காரர் மகள் போனில் எடுத்த படத்தை அச்சுப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

படம் வந்தது. அரிசியில் கிடக்கும் கல் மாதிரி இருக்கிறது. பொறுக்கி எறியலாம், பெயர் வைக்க முடியாது.

வாலைப் பற்றி நீ எழுதவில்லை.

ஒன்று சொல்கிறேன், கவனித்துப் பார். பருந்தின் வால் நுனி நடுவில் உள்வாங்கியிருக்கும். ஆனால் அது வாலை முழுக்க விரித்தால் அந்தப் பள்ளம் மறைந்து, நேராகத் தெரியும். கேமராக்காரர் படத்தில் விரிந்த வால்தான் இருக்கிறது, அதனால் அது எதற்கும் சாட்சியில்லை. வாலை மூடிக்கொண்டு நேராக மிதக்கும்போது பார்க்க வேண்டும். இன்னொன்று, பருந்து வாலைச் சும்மா வைத்திருக்காது. படகின் சுக்கான் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்கும். கழுகு அப்படிச் செய்யாது. தூரத்திலிருந்தும் அது தெரியும்.

மேலாளர் நேற்று மேஜைக்கு வந்தார். "அந்தக் கோபுரத்துப் பறவை என்னாச்சு?"

"இன்னும் உறுதியா தெரியல சார்."

"ஏம்ப்பா, ஒரு பறவைக்கு ஜாதகம் பாக்கறியா? பருந்துன்னு போட்டு முடி. நம்மள துறைமுகம் கூப்பிட்டது அதுக்குத்தானே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கெட்டவர் இல்லை. மத்தியானம் தன் டப்பாவிலிருந்து எனக்கும் எடுத்து வைக்கிறவர். இந்த ஆபீஸில் கெட்டவர் என்று யாரையும் காட்ட முடியாது, அதுதான் எனக்கு எரிச்சல். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார்கள்.

அன்றைக்கு நீ போகச் சொன்ன பிறகு நான் உடனே போகவில்லை. தெருவில், எல்லோரும் செருப்பு விட்டிருந்த இடத்தில் இருட்டும் வரை நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

என் அறை சின்னது. இருந்தாலும் இன்னொரு கட்டில் போடலாம்.

வால் முக்கியம்.

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

உன் கட்டிலை நீயே வைத்துக்கொள். எனக்கு வீடு இருக்கிறது.

இருக்கிறது என்று எழுதும்போது கதவில் சிவப்புப் பெயின்ட். போன திங்கள்கிழமை இரண்டு பேர் வந்து வீட்டுக்கு வீடு பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனார்கள். என் வீட்டுக்கு வரும்போது பிரஷ் காய்ந்துவிட்டது. "அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டான். குடிக்கத்தான் என்று சொம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். அவன் பிரஷ்ஷை அதில் முக்கினான். அது எண்ணெய்ப் பெயின்டாம், தண்ணீரில் கரையவில்லை. சொம்பும் போச்சு, குறியும் பாதியில் நிற்கிறது. தையல்காரர் வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பாதி வீடுதான்மா இடிப்பாங்க" என்றார். சிரிப்பு வந்தது. எவ்வளவோ நாளைக்கப்புறம் வந்தது, உடனே போய்விட்டது.

உன் பறவை ஒரு திருடன், தெரியுமா? முதலில் தையல்காரர் வாசலில் போட்ட வெட்டுத்துணியை எடுத்துக்கொண்டு போனது. "கழுகம்மாவுக்கு ரவிக்கை வேணுமாம், அளவு குடுக்காம போயிட்டா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று என் கொடிக்கு வந்தது. நான் வாளியோடு நிற்கிறேன், இரண்டடி தள்ளி. சரேலென்று இறங்கி, உன் மாமாவின் கைவைத்த பனியனைக் காலால் பிடித்துப் பிடுங்கியது. கிளிப் தெறித்து என் நெற்றியில் பட்டது. பனியன் ஆள் மாதிரியே இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு மேலே போனது.

தோளில் கிரீஸ் கறை உள்ள பனியன். நான் எத்தனை தடவை துவைத்தும் போகாத கறை.

எதிர்வீட்டுக்காரி "ஐயையோ, போச்சேக்கா" என்று ஓடிவந்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் நன்றாகவே காத்திருந்தேன். வரவில்லை. உள்ளே அடுப்பில் எதுவோ தீய்கிற வாசனை வந்தது, போய் அணைத்தேன்.

இப்போது கூட்டின் விளிம்பில் ஒரு கை மட்டும் தொங்குகிறது. காற்று அடித்தால் ஆடுகிறது. வரிசைக்கே தெரியும்.

மார்ச் வரப்போகிறது. கழுகு என்று எழுதிவிட்டாயா?

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

பனியன் போன இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். பிறகு மறுபடி படித்தேன்.

கடற்கழுகு துணி எடுக்காது. குச்சி அடுக்கும், மேலே பச்சை இலை பரப்பும், அவ்வளவுதான். துணி, காகிதம், பிளாஸ்டிக் என்று கண்டதையும் கூட்டுக்குள் திணிப்பதும், இரண்டடி தள்ளி ஆள் நிற்கும்போதே இறங்கித் தூக்குவதும் கரும்பருந்து. மூன்று படங்களாலும் அரிசிக் கல்லாலும் சொல்ல முடியாததை நீ உனக்கே தெரியாமல் எழுதிவிட்டாய்.

தெரியாமல் எழுதினாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை வாலைக் கேட்டேன். நிறம் எழுதினாய், இறக்கை விரல் எழுதினாய், காக்கை விரட்டியது எழுதினாய். வாலை மட்டும் எழுதவில்லை. சின்ன வயதில் அப்பா கேட்கிற கேள்விக்கு நீ பக்கத்துக் கேள்விக்குப் பதில் சொல்வாயே, அதே மாதிரி.

இப்போதும் நான் கடற்கழுகு, இளம் பறவை என்று எழுத முடியும். படங்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன. மேலாளர் திட்டுவார். துறைமுகம் நம்பாது, வேறு ஆளை அனுப்பும். அவர் கோபுரத்தில் ஏறுவார். கூட்டில் பனியன் இருக்கும். அதற்குள் எவ்வளவு நாள் கிடைக்கும் என்று தெரியாது. கொஞ்சம் கிடைக்கும்.

உன்னிடம் கேட்காமல் ஒரு தடவை கழுத்தில் அதை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இதைக் கேட்டுவிட்டே செய்கிறேன். என்ன எழுத?

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

வால் நடுவில் பிளந்துதான் இருந்தது. சுக்கான் மாதிரி திருப்பிக்கொண்டும் இருந்தது. முதல் நாளே பார்த்தேன். தையல்காரரும் பார்த்தார். காவலாளி வாய்விட்டே சொன்னார், பட்டனுக்காக விழுங்கிவிட்டார். வரிசையில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் இன்னொருத்தரிடம் சொல்லவில்லை.

கழுகு என்றே எழுது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். தையல்காரரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எழுதும்மா, ஒரு தடவ பொய் சொன்னா என்ன, அவனுங்க சொல்லாத பொய்யா?" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். வருடா வருடம் கூரை ஓடுகளை மாற்றித் தருகிறோம் என்றவர்கள், கிரேன் ஏணி உறுதியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவர்கள். அவர்களிடம் ஒரு பறவையைப் பற்றிப் பொய் சொன்னால் எனக்கு உறுத்தாது.

ஆனால் ஏறிப் பார்ப்பார்கள் என்று எழுதினாயே. ஏறினால் பனியனைப் பிடுங்கிக் கீழே போடுவார்கள். "இது யாருது?" என்று வரிசையில் காட்டிக் கேட்பார்கள். அவர்கள் கை அதில் படக்கூடாது. மற்றதெல்லாம் எப்படியும் போகப் போகிறது. தையல்காரரிடம் இதைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா" என்று எழுந்து போய்விட்டார்.

பருந்து என்றே எழுது. கூட்டில் குஞ்சு பொரித்துவிட்டது. இரண்டு தலை எட்டிப் பார்க்கிறது, தலை முழுக்கப் பஞ்சு. குடும்பமாக அங்கே குடியிருக்கிறது என்றும் சேர்த்து எழுது.

நாங்கள் குடியிருக்கிறோம் என்று எழுத உன் பட்டியலில் இடம் இருக்கிறதா?

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

இடம் இல்லை. மேலாளரிடம் கேட்டுப் பார்த்தேன். "இதுல மனுஷன் வரமாட்டான்ப்பா. அது வேற ஆபீஸ்" என்றார்.

எழுதியது இதுதான்: கரும்பருந்து. கூட்டில் குஞ்சுகள் உள்ளன. குஞ்சுகள் பறக்கும்வரை கோபுரத்துக்கு அருகே எந்த வேலையும் செய்யக்கூடாது. இது நான் கற்பனையாகச் சேர்த்தது இல்லை, கூட்டில் குஞ்சு இருக்கும்வரை எந்தப் பறவைக்கும் உள்ள விதி. பருந்துக்கும் உண்டு. உன் வரிசை கோபுரத்தை ஒட்டித்தானே இருக்கிறது. அதனால் "அருகே" என்ற சொல்லை அப்படியே விட்டிருக்கிறேன். பஞ்சு உதிர்ந்து இறகு முளைத்துப் பறப்பதற்குள் மே மாதம் வந்துவிடும். அதற்குள் வரிசைக்காரர்கள் எங்காவது மனு கொடுக்கலாம், ஏதாவது செய்யலாம்.

பட்டியல் போன பிறகு, என் அக்கா அங்கே இருக்கிறாள் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் தன் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார். பிறகு அட்டையைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். வீட்டுக்கு நடந்து வந்தேன். கழுத்தில் ஒன்றும் இல்லை. வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை.

இயந்திரம் நின்றுவிட்டதா? எழுது.

தம்பி


ஏப்ரல் 10

கொக்கு,

எத்தனை வருடம் ஆகிறது உன்னை அப்படிக் கூப்பிட்டு. கால் நீளம் என்று உன் மாமா வைத்த பெயர். இப்போது பறவைக்காரனுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நீ எழுதியதை மதித்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு மேற்பார்வையாளர் உன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். "அருகே"ன்னா எவ்வளவு என்று யாரிடமோ போனில் கேட்டார். பிறகு டேப் பிடித்து அளந்தார்கள். கோபுரத்தைச் சுற்றிக் கம்பி நட்டு மஞ்சள் கயிறு கட்டினார்கள். பலகை ஒன்று மாட்டினார்கள்: இங்கே பறவை குஞ்சுகளுடன் வசிக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள். நல்ல பெரிய எழுத்து.

கயிறு என் கொல்லைப்புறம் வழியாகப் போனது. துணிக்கொடியும் துவைக்கிற கல்லும் கயிற்றுக்கு உள்ளே. வீடு வெளியே.

தையல்காரர் தையல் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். "கொடியில ஏறித் தொங்கிக்கங்கம்மா, ஒருத்தன் தொட மாட்டான்" என்றார். நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். எதிர்வீட்டுக்காரி மட்டும் அழுதாள். அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். இடிக்கிற வண்டி உறுமியபோது தாய்ப்பறவை கத்திக்கொண்டு எழும்பியது. உடனே மேற்பார்வையாளர் ஓடிப்போய் வண்டியைத் தட்டினார். "டேய், மெதுவா, மெதுவா! குஞ்சு பயந்துடப் போவுது. சத்தம் இல்லாம தள்ளு." டிரைவர் நல்ல பையன். அப்படியே செய்தான். என் சமையலறைச் சுவரைக் கையால் தள்ளுகிற மாதிரி அவ்வளவு பதமாகச் சாய்த்தான். தண்ணீர்த் தொட்டிச் சுவரும் போனது.

நீ எழுதியதால்தான் இப்படி ஆனது என்று நினைத்துக்கொண்டு கிடக்காதே. எழுதாவிட்டால் சத்தத்தோடு இடித்திருப்பார்கள்.

பனியன் அங்கேயேதான் இருக்கிறது. கை மட்டும் வெளியே. உன் மாமாவுக்கு இந்த வரிசையில் இடம் கொடுத்துவிட்டார்கள், மே மாதம் வரைக்கும்.

இரண்டு பெட்டியும் ஒரு வாளியும் இருக்கின்றன. தையல்காரரின் மச்சான் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தக் கட்டிலைப் போடு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வந்ததும் எதையும் கேட்காதே, சாப்பாடு மட்டும் போடு.

கிளம்புவதற்கு முன்னால், சமையலறை இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன். ஓட்டுச்சாய்ப்பும் இல்லை, ஜன்னலும் இல்லை, எதிர்ச்சுவரும் இல்லை. பறவை வந்தது. பலகை அளவு ஆகாயத்தில் இல்லை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, அவசரமே இல்லாமல் மிதந்தது. இறக்கை தட்டையாக. வால் நீளமாக, மூடி, நடுவில் உள்வாங்கி. இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது. குதிரைக்குட்டி கனைக்கிற மாதிரி கத்தியது, அதுவும் கேட்டது. நீ கேட்டவை எல்லாம் ஒன்றுவிடாமல் தெரிந்தன. ரொம்ப நேரம் பார்த்தேன். மறைக்க எதுவும் இல்லை.

அக்கா